வீடியோ முடிந்தது, வேலை வரவில்லை: ஆன்லைன் பாடத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

அம்பத்தூரில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் சொல்லித்தருபவர், மேற்கு மாம்பலத்தில் பிளவுஸ் கட்டிங் கற்பிப்பவர், மயிலாப்பூரில் உட்கார்ந்து நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு வயலின் எடுப்பவர், ஓஎம்ஆர் கம்பெனிகளுக்குப் பயிற்சி வடிவமைப்பவர் என்று யாரிடம் பேசினாலும் கடைசியில் வரும் புகார் ஒன்றுதான்: "பாடம் நல்லாத்தான் இருக்கு, பசங்களுக்குத்தான் ஏற மாட்டேங்குது." அடுத்த கேள்வியும் ஒன்றுதான்: எந்த மைக் வாங்கலாம், எந்த கேமரா வாங்கலாம்.

கோளாறு பெரும்பாலும் கேமராவில் இருப்பதில்லை. மாணவரை நாம் என்ன செய்யச் சொல்கிறோம், அவர் செய்ததைப் பார்த்து என்ன பதில் சொல்கிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பாடத்தில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை

பாடத்தை முடித்தவர்களில் நாலைந்து பேரைப் பிடியுங்கள். பாடத்தில் வராத, ஆனால் அதே வகையைச் சேர்ந்த ஒரு வேலையைக் கொடுங்கள். ஸ்கிரீன் ஷேர் போடச் சொல்லுங்கள். கைவேலை என்றால் கை தெரியும்படி போனை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். அவர் தயங்கி நிற்கும்போது "இப்ப என்ன யோசிக்கிறீங்க?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம். உதவி செய்ய நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அவர் நிற்கும் இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை. அல்லது தெரிகிறது, சொல்லவும் வருகிறது, செய்ய வரவில்லை. அல்லது உங்கள் முன்னால் நன்றாகவே செய்கிறார், ஆனால் கடையிலோ வீட்டிலோ செய்வதில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்கு விளக்கம் கூட்டலாம். இரண்டாவது வகைக்கு விளக்கம் எத்தனை கூட்டினாலும் பயனில்லை, பயிற்சிதான் வேண்டும். மூன்றாவது வகையில் கோளாறு பாடத்துக்கு வெளியே இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் வீடியோவைத் திரும்ப எடுத்தால் காசும் போகும், மாதமும் போகும்.

அறிகுறி: வீடியோவை முழுதாகப் பார்த்தாயிற்று, கை மட்டும் வரவில்லை

அதிகம் வரும் புகார் இது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பிளவுஸ் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். மாணவி வீடியோ பார்த்துத் துணியை வெட்டி, தைத்து, போட்டோ அனுப்புகிறார். கழுத்து சரி, இடுப்பு சரி. முன்பக்கம் கைக்குழியில் மட்டும் துணி மடிந்து சுருக்கம் விழுகிறது. பத்துப் பேர் அனுப்பினால் பாதிப் பேர் படத்தில் அதே சுருக்கம். இப்போது வீடியோவில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். டீச்சர் சாக்பீஸை ஓட்டிக்கொண்டே "இங்க கொஞ்சம் உள்ள வளைச்சுக்கோங்க" என்கிறார், மூன்று நொடியில் அடுத்த கோட்டுக்குப் போய்விடுகிறார். முன்பக்கக் கைக்குழி பின்பக்கத்தைவிட சுமார் அரை இஞ்ச் உள்ளே குழிய வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். வருடக்கணக்காக வெட்டி வெட்டி அது வாய்க்கு வராமலே போய்விட்டது. போதாக்குறைக்கு, கேமரா எதிர்ப்பக்கம் இருப்பதால் அந்த வளைவை அவர் மணிக்கட்டே மறைக்கிறது.

செய்ய வேண்டியது: உங்கள் வீடியோவை நீங்களே ஒரு தாளோடு உட்கார்ந்து பாருங்கள். "கொஞ்சம்", "அளவா", "பார்த்து", "தேவைப்பட்டா" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் நீங்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள்? எவ்வளவு ஆனால் அதிகம், எவ்வளவு ஆனால் குறைவு? அதை எழுதுங்கள். பாடத்தின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பிறகு அந்த ஒரு இடத்தை மட்டும் தோளுக்கு மேலிருந்து, உங்கள் கண் பார்க்கும் கோணத்தில் எடுங்கள். சரியான கைக்குழியையும் தவறான கைக்குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தவறானதைப் பார்க்காதவருக்குச் சரியானதன் எல்லை தெரியாது.

அடுத்தது பயிற்சியின் படிக்கட்டு. நம் பாடங்களில் பெரும்பாலும் இரண்டே படிகள்: டீச்சர் முழுதாகச் செய்து காட்டுவார், பிறகு மாணவர் முழுதாகத் தானே செய்ய வேண்டும். நடுவில் ஒன்றுமே இல்லை. கற்றலை ஆராய்ந்த ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் அல்ஜீப்ரா மாணவர்களிடம் காட்டியது இதற்கு உதவும். புதிதாகக் கற்பவர்களில், செய்து முடித்த கணக்குகளைப் படித்துப் பழகியவர்கள், எடுத்த எடுப்பில் கணக்குப் போட்டுப் போராடியவர்களைவிடக் குறைந்த நேரத்தில், அதே வகைக் கணக்குகளைக் குறைந்த பிழையோடு போட்டார்கள். அதற்காக எல்லாவற்றையும் நாமே செய்து காட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. மெல்ல மெல்லக் கையை எடுக்க வேண்டும். முதல் பிளவுஸ் முழுக்க நீங்கள். இரண்டாவது, வேறு மார்பளவு: உடல் பாகம் நீங்கள் வரைந்து தருகிறீர்கள், கைக்குழியை அவர் வரைகிறார். மூன்றாவது, அளவு மட்டும் உங்களுடையது, மற்றதெல்லாம் அவருடையது.

ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவர் வந்தால் அவரை மூன்றாவது பிளவுஸிலேயே இறக்கிவிடுங்கள். புதியவருக்கு ஊன்றுகோலாக இருக்கும் விளக்கம் தெரிந்தவருக்கு இடைஞ்சல் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ரொம்ப ஸ்லோவா இருக்கு மேம்" என்று சிலரும் "ரொம்ப ஃபாஸ்ட்" என்று சிலரும் ஒரே வீடியோவைச் சொன்னால் வேகத்தை மாற்றாதீர்கள், வாசலைப் பிரியுங்கள்.

கம்ப்யூட்டர் வேலைக்கும் இதுவே. ஜிஎஸ்டி வகுப்பில் கொள்முதல் பில்லையும் ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிடுவது வரும். வீடியோவில் எல்லா பில்லும் ஒழுங்காகப் பொருந்தும். நிஜக் கடையில் பொருந்தாது. அதனால் பயிற்சிக்குக் கொடுக்கும் பில் கட்டில் வேண்டுமென்றே மூன்று வில்லங்கங்களைப் போடுங்கள்: சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டாத ஒரு பில், வரித்தொகை மாறியிருக்கும் ஒரு பில், ஓனர் குடும்பத்தோடு சாப்பிட்ட ஓட்டல் பில். முதலாவதற்கு இப்போது கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, சப்ளையருக்குப் போன் போட வேண்டும். இரண்டாவதில் எந்தத் தொகை சரி என்று பில்லைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது 2பி-யில் வந்தாலும் எடுக்கக் கூடாது. மாணவர் முதலில் தானே முடிவு சொல்லட்டும், தப்பாகவே சொல்லட்டும். அதற்குப் பிறகு வரும் உங்கள் விளக்கத்தை அவர் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

அறிகுறி: க்விஸ்ஸில் பத்துக்குப் பத்து, மூன்று வாரத்தில் எல்லாம் மறந்தது

க்விஸ் வீடியோ முடிந்த கையோடு வருகிறதா? அப்படியானால் அது நினைவைச் சோதிக்கவில்லை, காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதைச் சோதிக்கிறது.

உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று பாடம் நடத்தும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. உடனே கேட்டால் படித்தவர் முந்துகிறார், நாள் கழித்துக் கேட்டால் நினைவுபடுத்திப் பார்த்தவர் முந்துகிறார். உங்கள் க்விஸ் உடனே கேட்கிறது. அதனால்தான் அந்தப் பத்துக்குப் பத்து உங்களை ஏமாற்றுகிறது.

சரிசெய்வது எளிது, செலவும் இல்லை. முதல் வாரக் கேள்வியில் இரண்டை இரண்டாம் வாரத் தொடக்கத்திலும், வேறு வடிவில் நான்காம் வாரத்திலும் கேளுங்கள். ஒவ்வொரு வகுப்பும் "போன தடவை என்ன பார்த்தோம்னா..." என்று நீங்கள் சொல்வதில் தொடங்க வேண்டாம். மாணவர் நோட்டை மூடிவிட்டு மூன்று வரி எழுதுவதில் தொடங்கட்டும். தப்பான விடைத் தெரிவுகளை நீங்கள் கற்பனை செய்யாதீர்கள். மாணவர்கள் நிஜமாகச் செய்த தப்புகளிலிருந்து எடுங்கள். அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை வைத்தே எங்கே குழம்பியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: முதல் வாரம் நூறு பேர், நாலாவது வாரம் ஆளைக் காணோம்

முதலில் இந்த எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களை 2019-இல் ஆராய்ந்தபோது, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். எட்டிப் பார்க்க வந்தவரையும் படிக்க வந்தவரையும் ஒரே கூட்டலில் போடாதீர்கள். முதல் பயிற்சியைச் சமர்ப்பித்தவர்களை அடித்தளமாக வைத்து எண்ணுங்கள்.

அதற்குப் பிறகும் ஓட்டை இருந்தால், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே என்றால், அநேகமாக அந்த வாரம் முழுக்க அறிமுகம், வரலாறு, இன்ஸ்டாலேஷன். மாணவர் கையில் ஒன்றுமே கிடைக்கவில்லை. முதல் மாலையிலேயே ஒரு சின்ன, நிஜமான வேலையை முடித்து யாருக்காவது காட்டும்படி வையுங்கள்: ஒரு இன்வாய்ஸ், ஒரு தலையணை உறை, வயலினில் ஒரு சரளி வரிசை. நடுவில் என்றால், ஒரு பாடம் திடீரென்று மூன்று மடங்கு கனமாகியிருக்கும், அதைப் பிரியுங்கள்.

எப்போது படிக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாம்பரம்–பீச் ரயிலில் நின்றுகொண்டு ஒரு காதில் இயர்போனோடு பார்ப்பவர், பிள்ளைகள் தூங்கியபின் பத்து மணிக்கு வால்யூமைக் குறைத்துக்கொண்டு பார்ப்பவர், இவர்களெல்லாம் உங்கள் லேப்டாப் திரையில் நன்றாகத் தெரியும் எக்செல் கட்டத்தை ஆறு இஞ்ச் போனில்தான் பார்க்கிறார்கள். எடுத்து முடித்த வீடியோவை நீங்களே போனில், கை நீட்டிப் பிடித்து, ஒரு தடவை பாருங்கள். எண் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தை மட்டும் பெரிதாக்குங்கள்.

நீளம் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் பார்க்கும் இடைநிலை நேரம் (பாதிப் பேர் இதைவிடக் குறைவாகப் பார்த்த நேரம்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக நாற்பது நிமிடப் பாடத்தைக் கத்திரிக்கோலால் ஏழு துண்டாக்கினால் போதாது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் மாணவர் ஏதாவது செய்ய வேண்டும்.

கடைசித் தேதியும் வேண்டும். "உங்க வசதிப்படி படிங்க" என்பது அன்பாகத் தெரியும், ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு அந்த வசதியான நேரம் வரவே வராது. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் ஆன்லைன் பாடங்களைப் பாருங்கள்: வாராவாரம் அசைன்மென்ட், அதற்கொரு கடைசித் தேதி. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிதான் கணக்கு. கெடுபிடியும் உண்டு, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவருக்கு வழியும் உண்டு. சிறிய பாடங்களுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: "சூப்பர் சார்!" என்று ஃபீட்பேக், ஆனால் கற்றதாகத் தெரியவில்லை

பிடித்திருப்பதும் கற்றிருப்பதும் ஒன்றாகவே நகரும் என்று நம்ப வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், நேர்த்தியான விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தாமே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் நேர்மாறு.

ஆகவே "பாடம் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பதிலாக "இந்த வாரம் கற்றதை வைத்து என்ன செய்தீர்கள்? எங்கே மாட்டினீர்கள்?" என்று கேளுங்கள். பாடத்தைக் கடினமாக்கும்போது நட்சத்திரம் குறையும். முதல் நாளே மாணவரிடம் சொல்லிவிடுங்கள்: "இங்க திணறுற மாதிரி இருக்கும், அப்போதான் ஏறுது." சொல்லிவிட்டுச் செய்தால் பெரும்பாலோர் கூடவே வருகிறார்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் குரூப்பில் மயான அமைதி

"டவுட் இருக்கா?" என்று கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். இருநூறு பேர் முன்னால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அதற்குப் பதிலாக இரண்டு விடைகளைப் போட்டு "எது சரி, ஏன்?" என்று கேளுங்கள். குரூப்பை எட்டு பத்துப் பேராகப் பிரியுங்கள். தனியாகக் கேட்கப்பட்ட சந்தேகத்தைப் பெயர் சொல்லாமல் குரூப்பில் பதிலோடு போடுங்கள். தானாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

அறிகுறி: ஸ்லைடு இங்கிலீஷ், பேச்சு தமிழ், மாணவர் நடுவில் தொங்குகிறார்

மாணவர் மென்பொருளில் பார்க்கப்போவது "சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்" என்ற சொல்லைத்தான். அதை மாற்றிச் சொல்லாதீர்கள், வேலையிடத்தில் தேடித் திணறுவார். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, கடையில் அது யார் என்பதைத் தமிழில் சொல்லுங்கள்: நாம் பணம் தர வேண்டிய ஆட்கள். திரையில் முழு முழு வாக்கியங்களை ஏற்றிவிட்டு அதையே வாசிக்கவும் வேண்டாம். கண் ஒரு வேகத்தில், காது ஒரு வேகத்தில் போய் இரண்டும் கெடும். திரையில் படமோ எண்ணோ இருக்கட்டும், வாக்கியம் உங்கள் குரலில் வரட்டும்.

அறிகுறி: எல்லோர் விடையும் ஒரே மாதிரி இருக்கிறது

சாட்ஜிபிடியோ, போன பேட்ச் அக்காவின் நோட்டோ, மூலம் எதுவாக இருந்தாலும் காரணம் ஒன்றுதான்: கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை இருக்கிறது. போலீஸ் வேலை பார்ப்பதைவிட வேலையை மாற்றுங்கள். சொந்த அளவில் பிளவுஸ், தான் வேலை பார்க்கும் கடையின் பெயர் மறைத்த பில், வீட்டுப் பக்கத்து மளிகைக்கடையின் ஒரு நாள் கணக்கு. கூடவே இரண்டு நிமிட வாய்ஸ் நோட்: "ஏன் இப்படிச் செய்தேன்." எழுதிக் கொடுத்ததைக் காப்பி அடித்தவருக்கு இந்த இரண்டு நிமிடம் தாண்டுவது கஷ்டம். சான்றிதழுக்கு வெளியே மதிப்பு வேண்டும் என்றால் தேர்வை நேரில் வைப்பதே வழி. பாடத்தை இணையத்தில் நடத்தும் சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பிலேயே க்விஸ்ஸும் இறுதித் தேர்வும் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும்.

திருத்தும்போது ஒரு குறிப்பு. ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் பள்ளி மாணவர்களிடம் பார்த்ததில், கருத்து மட்டும் பெற்றவர்கள் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க் கண்ணில் பட்டதும் கருத்தைப் படிப்பது நின்றுவிடுகிறது. முதல் சமர்ப்பிப்புக்கு மார்க் போடாதீர்கள். "முன்பக்கக் கைக்குழியை இன்னும் குழித்து, பேப்பரில் மறுபடி வரைந்து வியாழனுக்குள் அனுப்புங்க" என்று அடுத்த செயலைச் சொல்லுங்கள். திருத்தி அனுப்பியதற்கு மார்க் போடலாம்.

அறிகுறி: பாடத்தில் நன்றாகச் செய்தார், வாழ்க்கையில் பழையபடியே இருக்கிறார்

சோதனையில் மூன்றாவது வகை இது. கற்பிப்பவர்கள் பொதுவாக "நம்ம பொறுப்பு முடிஞ்சுது" என்று விட்டுவிடும் இடம், ஆனால் மாணவர் நமக்குக் காசு கொடுத்தது இந்த மாற்றத்துக்காகத்தான்.

முதலில், பாடத்தின் நோக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "ஜிஎஸ்டி பற்றிய புரிதலைப் பெறுவார்" என்று இருந்தால் அழித்துவிட்டு, பாடம் முடிந்த அடுத்த மாதம் அவர் எந்த நாளில், எந்த இடத்தில், என்ன செய்வார் என்று எழுதுங்கள். "ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி 2பி வந்ததும் இறக்கி, கொள்முதலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சப்ளையர் பட்டியலை 20-ஆம் தேதிக்கு முன் ஓனர் கையில் கொடுப்பார்." இப்படி எழுதிவிட்டால் எந்த வீடியோ வேண்டாம் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

பிறகு அந்த வாக்கியத்தை மாணவரையே தன் சொல்லில் எழுத வையுங்கள். "இனி ஒழுங்காகச் செய்வேன்" என்பது தீர்மானம். "14-ஆம் தேதி காலையில் கடைக்குப் போய் சிஸ்டம் ஆன் பண்ணினதும் முதல்ல 2பி" என்பது திட்டம். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990-களிலிருந்தே காட்டிவருகின்றன.

கூட இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். புது முறையில் செய்ய மாணவர் தயாராக இருப்பார். "பதினஞ்சு வருஷமா இப்படித்தான் போயிட்டு இருக்கு, நீ மாத்தாதே" என்று ஓனர் சொன்னால் அங்கேயே முடிந்தது. ஓனருக்கு அனுப்ப ஒரு பக்கம் தயார் செய்து மாணவரிடம் கொடுங்கள்: இந்த மாதம் விட்டுப்போன கிரெடிட் இவ்வளவு, காரணம் இன்ன சப்ளையர். காசு கண்ணில் பட்டால் அவர் பேச்சு மாறும். பாடம் முடிந்து முப்பதாவது நாள் ஒரு மணி நேரம் எல்லோரையும் கூப்பிடுங்கள். புதுப் பாடம் எதுவும் வேண்டாம், யார் என்ன செய்தார், எது தடுத்தது என்று மட்டும் பேசுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பதுதான் அடுத்த பேட்சுக்கு மாற்ற வேண்டியவற்றின் பட்டியல்.

பாடத்தால் தீராத கோளாறு

சில சமயம் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். கற்றிருக்கிறார், செய்யவும் விருப்பம். ஆனால் கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதில் பில்லிங் ஓடிக்கொண்டே இருக்கிறது. அல்லது வீட்டில் மெஷினே இல்லை, அண்ணி வீட்டுக்குப் போய்த்தான் தைக்க வேண்டும். இவருக்கு "அட்வான்ஸ்டு கோர்ஸ்" விற்காதீர்கள். வாரம் இரண்டு மாலை உங்கள் சென்டரில் மெஷினைத் திறந்துவிட முடியுமா, கடை சாத்தியபின் அரை மணி நேரம் சிஸ்டம் கிடைக்குமா என்று பாருங்கள். முடியாது என்றால் அதை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு, மெஷினோ நேரமோ கிடைக்கும்போது அடுத்த பேட்சில் கட்டணம் இல்லாமல் உட்காரலாம் என்று எழுதிக் கொடுங்கள்.